ரத்தக்கல் அட்டையில் இல்லாத இரண்டு வரி

ஜனவரி 28

தம்பிக்கு,

போனில் பேசினால் உனக்குப் பாதிதான் கேட்கிறது. கேட்காத பாதிக்கு "சரி சரி" என்று சொல்லிவிடுகிறாய். முப்பது வருஷம் கல் தேய்க்கும் சாணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது, உன்மேல் குற்றமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இன்னும் சின்னவள் வீட்டில்தான் இருக்கிறேன். நம் தங்கை போய்ச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. அப்பாவும் இல்லாத அவள் மகள் குட்டியைத் தனியாக விட்டுவிட்டு என் வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. இருபத்தோரு வயதுப் பெண்ணை இன்னும் குட்டி என்று கூப்பிடுகிறோமே என்று முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது அவள் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அந்தப் பெயர்தான் சரி என்று தோன்றுகிறது.

அவள் கல்லூரிக்குப் போவதில்லை. ரத்தப் பரிசோதனைக்கூடப் படிப்பில் இது கடைசி வருஷம். ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தினம் நூறு பேரோட ரத்தத்தைக் கண்ணாடியில வச்சுப் பார்த்தேன் பெரியம்மா. வீட்டுல எங்கம்மாவுக்கு ஏழு மாசமா ரத்தம் போயிட்டிருந்தது தெரியல. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போய் உட்காருவேன்?" கல்லூரியில் மே 20 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் போய்ப் பதிவு செய்யாவிட்டால் மூன்று வருஷப் படிப்பும் போய்விடும். எனக்கு இப்போது இருக்கும் ஒரே கவலை அதுதான்.

இனி விஷயம். நேற்று சின்னவளுடைய பீரோவைச் சுத்தம் செய்தேன். கீழ்த்தட்டில், மடித்த சேலைக்கு அடியில் உன் கடைப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் வெள்ளிக் கூட்டில் பதித்த ஒரு டாலர். கரும்பச்சைக் கல், அதில் ஊசி முனையால் தொட்டு வைத்தது போல் சிவப்புப் புள்ளிகள். ரத்தக்கல். மூடியின் உட்புறத்தில், நான் உனக்கு எழுதிக் கொடுத்த அட்டை.

உன் கடையில் விற்கும் இருபத்திரண்டு கல்லுக்கும் நான்தானே எழுதினேன். ஓய்வு பெற்ற முதல் வருஷம், சாப்பாட்டு மேஜையில் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். ரத்தக்கல்லுக்கு எழுதியது எனக்கு மனப்பாடம். கல் என்ன வகை, சிவப்பு எதனால் வருகிறது, கத்தி கீறாத அளவுக்குக் கடினம், முத்திரை மோதிரம் செதுக்க ஏற்றது, ரத்தப்போக்கை நிறுத்தும் என்று பழங்காலப் போர்வீரர்கள் உடன் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வரி: "இது நம்பிக்கை மட்டுமே, சான்று எதுவும் இல்லை. உடலில் ரத்தப்போக்கு இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவும்."

அந்த இரண்டு வரியும் அட்டையில் இல்லை. போர்வீரர்களோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே "ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை எழுதியது" என்று மட்டும் இருக்கிறது.

ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் கட்டியை எடுத்திருக்கலாம் என்று டாக்டர் நம் இருவரிடமும் சொன்னார். அந்த ஆறு மாதம் அவள் எதை நம்பிக்கொண்டு சும்மா இருந்தாள் என்று இத்தனை நாள் எனக்குப் புரியவில்லை.

இரண்டு கேள்விதான். அந்த வரிகள் எங்கே போயின? இந்தக் கல் அவளிடம் எப்படி வந்தது? குட்டிக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பெட்டியை என் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. விடைத்தாள் திருத்திய கை, எங்கே சிவப்பு மையைக் காணோமே என்று பார்த்தேன்.

முதல் கேள்விக்குப் பதில். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கடையைப் புதுப்பித்தபோது பெட்டியை மாற்றினேன். பழைய பெட்டி சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். புதுப் பெட்டி சின்னது. உன் அட்டை மூடிக்குள் போகவில்லை. எழுத்தைப் பொடியாக்கினால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும் என்றார் அச்சகக்காரர். என்ன செய்யலாம் என்று நாலைந்து அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசி இரண்டு வரி, மெல்லிய துணியால் துடைக்கவும், சோப்புத் தண்ணீர் படாமல் வைக்கவும். துடைக்கிறதை வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று, இருபத்திரண்டு அட்டையிலும் கடைசி இரண்டு வரியை எடுத்துவிடச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் படிக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

முக்கியமானதைக் கொண்டுபோய் யாராவது கடைசியில் வைப்பார்களா? துணியால் துடைக்கிற இடத்தில் டாக்டரை உட்கார வைத்தது நீ.

நான் டாக்டர் என்று வாசலில் பலகை மாட்டவில்லை. கல்லை வெட்டுகிறேன், தேய்க்கிறேன், விற்கிறேன். ரத்தக்கல்லில் வெளிச்சம் உள்ளே போகாது, அதனால் பட்டை தீட்டிப் பிரயோஜனமில்லை. மேற்புறத்தைக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி உருட்டித் தேய்க்க வேண்டும். எந்தப் பக்கம் வெட்டினால் சிவப்பு மேலே வரும் என்று பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது. ஒரு நூல் தப்பினால் வெறும் பச்சைக் கல். புள்ளி நன்றாக விழுந்த கல்லைக் கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மாட்டார்கள். அவர்களாகவே நெஞ்சில் வைத்துக்கொள்கிறார்கள். நான் என்ன செய்ய?

அதுவும் போகட்டும். அந்தச் சிவப்பு இரும்பு என்று நீதானே எழுதினாய். ரத்தத்திலும் இரும்புதான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஏதோ ஒரு சம்பந்தம் இல்லாமலா இத்தனை காலம் ஜனங்கள் நம்பினார்கள்?

இரண்டாவது கேள்வி. சின்னவள் கடைப் பக்கம் அவ்வப்போது வருவாள். நான் உள்ளே சாணையில் இருந்திருப்பேன். முன்னால் நிற்கிற விற்பனைப் பெண் கொடுத்திருப்பாள். எனக்கு ஞாபகம் இல்லை.

குட்டியிடம் இதையெல்லாம் சொல்லிக் கிளற வேண்டாம். அவளை ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அனுப்பு. வழக்கம்போல் பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதட்டும். கைக்கு வேலை இருந்தால் மனசு கொஞ்சம் அடங்கும்.

தம்பி

*

பிப்ரவரி 18

தம்பிக்கு,

முக்கியமானதைக் கடைசியில் வைத்தது நான்தான். முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் பாடம் நடத்தினேன். மணி அடிக்கும் நேரத்தில் சொல்வதுதான் பிள்ளைகள் வீடு வரைக்கும் கொண்டுபோவார்கள். அட்டையை மூடிக்குள் திணிக்க ஒருவர் கத்தரிக்கோலோடு நிற்பார் என்று நினைக்கவில்லை. உன் பழிச்சொல்லில் பாதியை வாங்கிக்கொள்கிறேன்.

இரும்பு விஷயம். சைக்கிள் டயரிலும் காற்று இருக்கிறது, நெஞ்சுக்குள்ளும் காற்று இருக்கிறது. மூச்சுத் திணறுகிறவர் டயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் சரியாகிவிடுமா? கல்லுக்குள் இருக்கும் இரும்பு கல்லுக்குள்ளேயே இருக்கும். பத்து வருஷம் நெஞ்சில் உரசினாலும் ஒரு துளி வெளியே வராது. அது அவ்வளவு இறுகிய கல் என்பதால்தான் முத்திரைக்கு எடுத்தார்கள். ஒரு குடும்பத்தின் முத்திரை நாலு தலைமுறைக்குத் தேயாமல் இருக்கும். அதன் உண்மையான பயன் அதுதான், அது ஒன்றும் குறைந்த பயனில்லை.

இப்போது உன் இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். நேற்று டாலரைத் திருப்பிப் பார்த்தேன்.

நான் உன் கடையில் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் உள்ளே போகாத கல்லுக்கு நீ கூட்டின் பின்பக்கத்தை மூடித்தான் செய்வாய். வெள்ளித் தகடு இருந்தால் கல் அசையாது, வேலையும் சுலபம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கண்ணாடித் தட்டில் விற்பனைக்கு வைப்பது எல்லாம் அப்படித்தான். பின்பக்கத்தைத் திறந்து, கல் உடம்பில் படுகிற மாதிரி செய்வது, யாராவது உன் எதிரில் உட்கார்ந்து கேட்டால் மட்டும்தான். அதற்கு உனக்கு மூன்று நாள் ஆகும்.

இந்த டாலரின் பின்பக்கம் திறந்திருக்கிறது. கல்லின் அந்தப் பக்கத்தையும் பளபளவென்று தேய்த்து, ஓரம் குத்தாமல் மழுக்கியிருக்கிறாய். புள்ளிகள் ஒன்றுகூட ஓரத்தில் வெட்டுப்படவில்லை. விற்பனைப் பெண் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த கல் இல்லை இது. இத்தனை கவனமாக நீ வேறு யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை.

அவள் உன் எதிரில் உட்கார்ந்தாள். உடம்பில் பட வேண்டும் என்று கேட்டாள். எதற்கு என்று நீ கேட்டிருப்பாய். அவள் என்ன சொன்னாள்?

குட்டியை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீ எப்படிச் சும்மா இருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவது இது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

மே மாதம் வந்தாள். மத்தியானம், கடையில் யாரும் இல்லை. விற்பனைப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். சாணையை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். காதுக்குக் கிட்டே வந்து சொன்னாள், நிற்காமல் போகிறது என்று. முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கையில் இருந்த துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கல்லையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கைதான். நான் தூக்கி வளர்த்தவள்தான். ஆனாலும் இதை ஒரு ஆண்பிள்ளையிடம் வந்து சொல்கிறாளே என்று கூச்சமாக இருந்தது. டாக்டரிடம் போ என்று வாய் வரைக்கும் வந்தது. அவளே முந்திக்கொண்டாள். "டாக்டர்கிட்டப் போனா படுக்கச் சொல்லிப் பார்ப்பாங்கண்ணே. எனக்கு அது முடியாது. இந்தக் கல்லுல நிக்கும்னு போட்டிருக்கே" என்றாள். கையில் உன் அட்டை. நான் தயங்கினேன், சத்தியமாகத் தயங்கினேன். அதற்கு அவள் சொன்னாள்: "அக்கா எழுதினதுதானே? அக்கா தப்பா எழுதுமா?"

எனக்கு அப்போது ஒரு பெரிய நிம்மதி வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பேச்சு முடிந்துவிட்டதே என்ற நிம்மதி. முதலில் இதைப் போட்டுப் பார், நிற்காவிட்டால் டாக்டரிடம் போகலாம் என்றேன். இருக்கிறதிலேயே நல்ல கல்லை எடுத்து வெட்டினேன். மூன்று நாள் வேறு வேலையே பார்க்கவில்லை. ஆகஸ்டில் ஒரு தடவை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "குறைஞ்ச மாதிரி இருக்குண்ணே" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நவம்பரில் சமையலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பொம்பளை விஷயத்தை ஏன் என்னிடம் வந்து சொன்னாள்? அக்கா என்று ஒருத்தி இருக்கும்போது? நீ யோசித்துப் பார்த்தாயா?

உன்னிடம் யாராவது ஒரு வலியைச் சொல்ல முடியுமா? முழங்கால் வலிக்கிறது என்று அவள் ஒரு தடவை சொன்னதற்கு நீ காகிதம் எடுத்து எலும்புப் படம் போட்டாய். ஒரு மணி நேரம். சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில், இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் கவனித்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும் என்றாய். குட்டி எதிரில் சொன்னாய். அவள் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப் போனாள். அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் செய்தாள், எனக்கு இனிமே காலே வலிக்காதுண்ணே என்று. வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

உன்னிடம் நேரில் வரப் பயந்து உன் அட்டையிடம் வந்தாள். அதுதான் நடந்தது.

குட்டியிடம் என்னால் சொல்ல முடியாது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து, சாணை ஓடும்போது என் காதில் கத்தி ஏதாவது கதை சொல்வாள். பாதி கேட்காது, இருந்தாலும் தலையாட்டுவேன். அது போனால் எனக்கு என்ன இருக்கிறது?

தம்பி

*

ஏப்ரல் 3

தம்பிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் என்னால் பேனாவைத் தொட முடியவில்லை. முழங்கால் விஷயம் எனக்கு ஞாபகமே இல்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் ஞாபகம் இருக்கிறது. படம் போட்டது, ஆறிப்போன சாப்பாடு, எல்லாம். அவள் சிரித்தாள் என்பதால் அது நல்ல நாள் என்று நினைத்து வைத்திருந்தேன்.

அதைப் பற்றி இனி நமக்குள் பேச எதுவும் இல்லை. நீ கேட்டது நியாயம்தான்.

குட்டியைப் பற்றி எழுதுகிறேன். போன வாரம் அவள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருப்பதைப் பார்த்தேன். முதலில் பாடக் குறிப்பு என்று சந்தோஷப்பட்டேன். எடுத்துப் பார்த்தால் மாதவாரியாக, அவள் பார்த்தும் கேட்காமல் விட்டதையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறாள். ஜூன்: அம்மா துணியைத் தனியாகத் துவைத்தாள், கேட்கவில்லை. ஜூலை: மாடி ஏறும்போது நடுவில் உட்கார்ந்தாள், வயதாகிவிட்டது என்று கேலி செய்தேன். செப்டம்பர்: நகம் வெளுத்திருந்தது, ரத்தசோகைப் பாடம் நடந்த அதே வாரம். இப்படியே நாலு பக்கம். ஒரு குற்றவாளியின் வாக்குமூலம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. என்னைப் பார்த்ததும் மூடினாள்.

அதில் ஒரு வரி: "ஒரு தடவை கேட்டிருந்தால் அம்மா யாரிடமாவது சொல்லியிருப்பாள்."

அவள் சொன்னாள், தம்பி. உன்னிடம் சொன்னாள். அம்மா வாய் மூடிச் சாகவில்லை, ஒரு பெரியவரிடம் சொன்னாள், அந்தப் பெரியவர் ஒரு கல்லைக் கொடுத்து அனுப்பினார் என்பது தெரிந்தால்தான் அந்தப் பெண் நோட்டை மூடுவாள். நான் சொன்னால் எடுபடாது. என்னைத் தேற்றுவதற்காகப் பெரியம்மா கதை கட்டுகிறாள் என்று நினைப்பாள். கேட்டவன் நீ. கேட்டவன்தான் சொல்ல வேண்டும்.

உனக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்கிறாய். அவளுக்கு மூன்று வருஷப் படிப்பும், அதற்குப் பிறகு இருக்கிற அத்தனை வருஷமும் போய்விடும். நீயே தராசில் வைத்துப் பார். மே 20 கடைசி நாள்.

அக்கா

*

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஐம்பது பெயர்ச்சீட்டு எழுதினாள். எழுத்து மணி மணியாக இருந்தது. சொல்ல வேண்டும் என்று சாணையை நிறுத்தினேன். "என்ன மாமா, பசிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

என்னால் முடியவில்லை. விட்டுவிடு.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

விட மாட்டேன்.

அவள் எழுதிய சீட்டுகளில் ரத்தக்கல் பெட்டிக்கும் எழுதினாளா? அந்தப் பெட்டிகளின் மூடியில் இன்னும் அதே அட்டை இருக்கிறதா? இதற்காவது பதில் சொல்.

அக்கா

*

மே 16

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை. நீ கேட்டது சரிதான், அட்டை அப்படியேதான் இருந்தது. சின்னவள் போன பிறகும் நான் அதை எடுக்கவில்லை. எடுத்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன் போலிருக்கிறது. குட்டி ரத்தக்கல் தட்டை இழுத்து வைத்துச் சீட்டு ஒட்டத் தொடங்கினாள். ஒரு பெட்டியைத் திறந்து மூடியைப் படித்தாள். படித்துவிட்டு, "நல்லா ஏமாத்துறீங்க மாமா, ரத்தத்தை நிறுத்துமாமே" என்று சிரித்தாள். அவள் சிரித்து அஞ்சு மாதம் ஆகியிருக்கும்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. கதவைச் சாத்தினேன். விற்பனைப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினேன். முதலிலிருந்து சொன்னேன். மத்தியானம் வந்தது, சாணையை நிறுத்தியது, துணியால் துடைத்தது, திறந்த கூடு, ஆகஸ்ட். எதையும் விடவில்லை.  அவள் கையில் ஒட்டாத சீட்டு ஒன்று இருந்தது, அதைச் சுருட்டிச் சுருட்டி நூல் மாதிரி ஆக்கிவிட்டாள்.

முடித்த பிறகு கேட்டாள்: "அம்மா உங்ககிட்ட சொல்லும்போது அழுதாங்களா?"

இல்லை, வெட்கப்பட்டாள் என்றேன்.

"நீங்க?"

நானும் அதேதான் என்றேன்.

"ரெண்டு பேரும் வெட்கப்பட்டு எங்கம்மாவைக் கொன்னுட்டீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. என் கேட்காத காதுக்குக்கூடத் தெளிவாகக் கேட்டது.

பிறகு அட்டையைப் பற்றிக் கேட்டாள். அந்த இரண்டு வரி இருந்தது, பெட்டிக்காக நான் எடுத்தேன் என்று சொன்னேன். இந்தக் கல் எத்தனை பேருக்கு விற்றிருக்கிறீர்கள் என்றாள். தெரியாது என்றேன். யோசிக்கச் சொன்னாள். எழுதி வைக்கிற வழக்கம் இல்லை என்றேன். அப்படியானால் இனி அது தெரியவே போவதில்லை, இல்லையா என்றாள்.

எழுந்து, மிச்சமிருந்த சீட்டை அடுக்கி வைத்தாள். பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். திங்கட்கிழமை போய்ப் பதிவு செய்கிறேன், உங்களுக்காக இல்லை, இனிமேல் இங்கே வர மாட்டேன், போன் செய்ய வேண்டாம் என்றாள். மாமா என்று சொல்லவில்லை. கதவைத் தானே திறந்துகொண்டு போனாள்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. படிப்பாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வாசல்வரை போனவள் திரும்பி நின்று ஒரு கேள்வி கேட்டாள். "பெரியம்மா இந்த அட்டையைப் பார்க்கவே இல்லையா?"

பார்க்கவில்லை என்றேன். சத்தியம் பண்ணிச் சொன்னேன்.

அக்கா, நீ பார்த்தாய். கடையைப் புதுப்பித்துத் திறந்த அன்றைக்கு முதல் பெட்டியை உன் கையில்தான் கொடுத்தேன். ரத்தக்கல் பெட்டி. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாய். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஏதாவது சொல்வாய் என்று பக்கத்திலேயே நின்றேன். "எழுத்து அழகா விழுந்திருக்கு" என்றாய். அஞ்சு அட்டை கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாய். யாருடைய ஒரு காற்புள்ளியையும் விட்டுவைக்காதவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் இருந்துவிட்டேன்.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எழுதியிருப்பேன். அந்த வரிகள் எங்கே போயின என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டிருந்தாய். எவ்வளவு தூரம் போகிறாய் பார்க்கலாம் என்று விட்டேன்.

அவளுக்கு நீ ஒருத்தியாவது மிச்சம் இருக்கட்டும் என்றுதான் பொய் சொன்னேன். உனக்காக இல்லை.

ரத்தக்கல் அத்தனையையும் எடுத்துவிட்டேன். கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், இங்கே அந்தக் கல் வாங்கியவர்கள் தயவுசெய்து வந்து பார்க்கவும் என்று. ஒரு வாரம் ஆகிறது. இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருமே, வேறு கல் இலவசமாகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

தம்பி

*

மே 30

தம்பிக்கு,

பார்த்தேன்.

இரண்டாவது தடவை படித்தபோதே வரிகள் குறைவது தெரிந்தது. அன்றைக்குக் கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். என்னோடு வேலை பார்த்த இரண்டு ஆசிரியைகளும் வந்திருந்தார்கள். "நீங்களா எழுதினது?" என்று ஒருத்தி கேட்டாள். தங்க நிற ஓரம் போட்ட அட்டை, அதில் நான் எழுதியது. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு, நான் எழுதிய எதையும் யாரும் படித்ததில்லை. ஒரு குறை சொன்னால் நீ எல்லாவற்றையும் திரும்ப அச்சடிக்கப் போட்டுவிடுவாய், மறுபடி பார்க்க எத்தனை மாதமாகுமோ என்று நினைத்தேன். கல்லை யாராவது மருந்தாக எடுத்துக்கொள்வார்களா, இந்தக் காலத்தில், என்றும் நினைத்தேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு மறந்தும் போனேன். பீரோவில் பெட்டியைத் திறந்தபோது எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. மறுநாளே உட்கார்ந்து உனக்கு எழுதினேன். முழுப் பழியும் உன்மேல் இருக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

குட்டி பதிவு செய்துவிட்டாள். தனி வீட்டில் இருக்க வேண்டாம் என்று விடுதியில் இடம் வாங்கியிருக்கிறோம். நேற்றுதான் கொண்டுபோய் விட்டேன். கடைசி வருஷப் பயிற்சி வெளியூர் ஆஸ்பத்திரியில், பேருந்தில் இரண்டரை மணி நேரம். அவள் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். இந்தப் பயணத்தில் சொல்லிவிடுவது என்று வீட்டைப் பூட்டும்போதே முடிவு செய்திருந்தேன். முதல் வாக்கியத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

பாதி வழியில் அவளே பேசினாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீங்க எழுதினது முழுசா இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க பெரியம்மா" என்றாள். "நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அது ஒண்ணுதான் எனக்கு இப்ப ஆறுதல்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மீதி ஒரு மணி நேரமும் தூங்கினாள். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். இறங்கிய பிறகு சொல்லியிருக்கலாம். விடுதிப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டுப் பேருந்து ஏறி வந்துவிட்டேன்.

சொல்லாமல் இருந்தது அவளுடைய நிம்மதிக்காகத்தான் என்று உனக்கு எழுத நினைத்தேன். நீ நம்ப மாட்டாய். உனக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, எனக்கு அந்தத் தோள் அப்படி ஆகிவிட்டது.

நாலு மாதம் உன்னைக் கேள்வி கேட்டேன். இப்போது உன்னிடம் கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. அவள் என்றைக்காவது உன்னை மன்னித்துப் பேச வந்தாலும், நீ அன்றைக்குப் பண்ணின சத்தியத்தை மாற்றிச் சொல்லாதே. நான் பார்க்கவில்லை என்றே இருக்கட்டும்.

பதில் போட வேண்டாம். விடுமுறைக்கு வரும்போது கடிதங்கள் கண்ணில் பட்டால் யாரிடமிருந்து என்று அவள் கேட்பாள்.

அக்கா